டகடகவென்று அடித்துக்கொண்டு சுற்றாமல் நின்ற அவுட்போர்டு

நண்பரின் படகில் இருப்பது 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின். ரிமோட் பாக்ஸ் (கியரையும் வேகத்தையும் இயக்கும் நெம்புகோல் பெட்டி), சாவி, பவர் டில்ட் (எஞ்சினை மோட்டாரால் மேலே தூக்குவது) எல்லாம் உண்டு. கோளாறு இதுதான்: சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் மேல்மூடிக்குள்ளிருந்து டகடகடக என்று வேகமாக ஒரு சத்தம் வரும், எஞ்சின் அசையாது. சில நேரம் அந்தச் சத்தமும் இருக்காது. பேனலில் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும், அதோடு சரி. பேட்டரிதான் போயிருக்கும் என்று புதுசு வாங்கி வைத்தார். ஒன்றும் மாறவில்லை. செல்ஃப் மோட்டார் காலி, மாற்றிவிடுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் பணம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடு என்று என்னைக் கூப்பிட்டார்.

இரண்டு விதமாக மக்கர் செய்கிறது என்று கேட்டதுமே இதை இரண்டு கோளாறாகத்தான் எடுத்துக்கொண்டேன். காரணம், செல்ஃப் எடுப்பதற்கு எஞ்சினில் இரண்டு தனித்தனி மின்பாதைகள் இருக்கின்றன.

ஒன்று தடித்த பாதை. பேட்டரியின் பாசிட்டிவில் தொடங்கி, மெயின் சுவிட்ச், சிவப்புக் கேபிள், சொலினாய்டின் (சின்ன மின்னோட்டத்தால் காந்தமாகி இழுத்து, பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்) ஒரு பெரிய போல்ட், அங்கிருந்து அடுத்த பெரிய போல்ட், செல்ஃப் மோட்டார். மோட்டாரின் உடம்பே அதன் நெகட்டிவ். அது எஞ்சின் பிளாக்கில் இறங்கி, பிளாக்கிலிருந்து கருப்புக் கேபிள் வழியாக பேட்டரிக்குத் திரும்பும். இந்த அளவு எஞ்சினில் இந்தப் பாதையில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும்.

மற்றொன்று மெல்லிய பாதை. சிவப்புக் கேபிளிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒரு சின்ன ஒயர் பிரிந்து சாவிக்கு வரும். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது மட்டும் அது நியூட்ரல் சுவிட்சைத் (கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் இணைப்பு கொடுப்பது) தாண்டி சொலினாய்டின் சின்ன முனைக்குப் போகும். யமஹாவில் இந்த ஸ்டார்ட் ஒயர் பழுப்பு நிறம், மெர்குரியில் மஞ்சளில் சிவப்புக் கோடு. இதில் ஓடுவது சில ஆம்பியர்தான். சொலினாய்டின் காயிலை இழுக்க அது போதும்.

ஆக, சத்தமே இல்லை என்றால் மெல்லிய பாதையைப் பார்க்க வேண்டும். சத்தம் வந்து சுற்றவில்லை என்றால் சாவி, ஃப்யூஸ், நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் அந்த நேரத்துக்கு வேலை செய்கின்றன என்று பொருள். அப்போது தேட வேண்டியது தடித்த பாதையில்.

சத்தத்தின் தன்மையையும் கவனிக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'டக்' என்று ஒரே ஒரு தரம் கேட்டு அப்படியே நின்றால், சொலினாய்டு இழுத்து உட்கார்ந்துவிட்டது, அதற்கு வர வேண்டிய வோல்டேஜ் முழுதாக வந்திருக்கிறது. அப்போது சந்தேகம் சொலினாய்டின் உள்ளே கருகிய செம்புத் தொடுமுனை மேல், அல்லது அதற்கு அப்பால் இருக்கும் சின்னக் கேபிள், மோட்டார், அதன் உள்ளே இருக்கும் கரி பிரஷ் மேல். டகடகவென்று தொடர்ந்து அடித்தால் கதை வேறு. சொலினாய்டு மூடியதும் மோட்டார் ஆம்பியரை இழுக்கிறது, உடனே எஞ்சினில் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, பிடித்துக்கொள்ள வலுவில்லாமல் சொலினாய்டு விட்டுவிடுகிறது, சுமை நீங்கியதும் வோல்டேஜ் திரும்ப எழுகிறது, மறுபடி இழுக்கிறது. இது நடக்க வேண்டுமானால் கோளாறு சொலினாய்டுக்கு முன்னால், அதாவது சொலினாய்டுக்கும் மோட்டாருக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். பேட்டரி, மெயின் சுவிட்ச், அல்லது அந்த இரண்டு நீளக் கேபிள்கள். பேட்டரி புதுசு. மிச்சம் என்ன என்பது படகில் ஏறும் முன்பே ஓரளவு தெரிந்துவிட்டது.

இன்னொரு துப்பும் கிடைத்தது. "டில்ட் வேலை செய்கிறதா?" என்று கேட்டேன். "செய்யுது, ஆனா முன்ன மாதிரி இல்ல, முனகிக்கிட்டே ஏறுது, வயசாச்சுல்ல" என்றார். டில்ட் மோட்டாரும் இதே இரண்டு கேபிள்களில்தான் உயிர் வாழ்கிறது. செல்ஃப் அளவுக்கு அது இழுக்காது, ஆனாலும் பல பத்து ஆம்பியர் குடிக்கும். செல்ஃபும் டில்ட்டும் சேர்ந்தே சோர்ந்துபோனால் இரண்டுக்கும் பொதுவான கேபிளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

மீட்டரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. புரொப்பெல்லரைக் கழற்றி வைத்தோம். கில் சுவிட்ச் (எஞ்சினை அவசரமாக நிறுத்துவது) கயிற்றை உருவினோம். பெரும்பாலான எஞ்சின்களில் அது பற்றவிடாமல் தடுக்கும், சுற்றுவதைத் தடுக்காது; சில மாடல்களில் கயிறு இல்லாவிட்டால் செல்ஃபே எடுக்காது, அப்படியானால் கயிற்றை மாட்டிவிட்டு ஸ்பார்க் பிளக் காயில்களைப் பிரித்து வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்கும் பேட்டரியும் ஒரே அறையில் இருந்தால் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கிக் கிடக்கும். நாம் செய்யப்போவதோ பொறி பறக்கும் வேலை. கையில் மோதிரம், உலோக வார் போட்ட கடிகாரம் கூடாது.

அப்புறம் எஞ்சின் கையால் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஃப்ளைவீலைச் சுற்றினோம். வலஞ்சுழியாக மட்டும், மாற்றிச் சுற்றினால் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் எதிர்ப்பக்கம் மடங்கி முறியலாம். சீராகச் சுற்றியது, பிளக் துளையிலிருந்து தண்ணீர் ஏதும் பீறிடவில்லை. சிலிண்டரில் தண்ணீர் புகுந்து பூட்டிக்கொண்ட எஞ்சினை எந்தப் பேட்டரியாலும் சுற்ற முடியாது. மின்சாரத்தில் மணிக்கணக்காகத் தேடிவிட்டு கடைசியில் எஞ்சினே இறுகிக் கிடந்ததைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஐந்து நிமிட வேலை, முதலிலேயே செய்துவிடுவது நல்லது. பிளக்குகளை மறுபடி மாட்டினோம்.

இனி மீட்டர். பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் நேராக முனைகளை வைத்துப் பார்த்தால் 12.7 வோல்ட். ஓய்வில் இருக்கும் ஈய அமில பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் காட்ட வேண்டியது ஏறத்தாழ இதுவே, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. அடுத்து எஞ்சின் பக்கம் போய், சொலினாய்டின் பெரிய போல்ட்டில் ஒரு முனை, பிளாக்கில் ஒரு முனை. அங்கும் 12.7.

நண்பர் இதே அளவை ஏற்கெனவே எடுத்திருந்தார். கேபிள் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்ததும் இதை வைத்துத்தான். ஆனால் இந்த 12.7 எதையும் சொல்லவில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாகப் பத்து மெகா ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அத்தனை சொற்ப ஓட்டத்துக்கு ஒரே ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், முழு வோல்டேஜும் மறுமுனைக்குப் போய்ச் சேரும். அதே இழையில் நூறு ஆம்பியரைக் கேட்டுப் பாருங்கள். ஓம் விதியை மனத்தில் போட்டுப் பார்த்தால் போதும்: 0.1 ஓம் தடை, 75 ஆம்பியர், 7.5 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். கேபிளை ஓம் ரேஞ்சில் அளப்பதும் இதே காரணத்தால் உதவாது, 0.1 ஓம் என்பது சாதாரண மீட்டரின் சொந்த ஒயர்களின் தடைக்குள்ளேயே மறைந்துபோகும். செல்ஃப் சுற்றைச் சுமையோடுதான் அளக்க வேண்டும், அதாவது சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது.

சாவியைத் திருப்பச் சொல்லி பேட்டரி குமிழ்களில் பார்த்தேன். டகடக சத்தம் கேட்கிறது, பேட்டரி 12.3, 12.6 என்று ஆடுகிறதே தவிர கீழே இறங்கவில்லை. பேட்டரி மோசமாக இருந்தால் இந்த இடத்தில் 9.6க்குக் கீழே விழுந்திருக்கும். விழவில்லை என்றால் பேட்டரியிடம் யாரும் பெரிதாக எதையும் கேட்கவேயில்லை. தடித்த பாதை நடுவில் எங்கோ குறுகிக் கிடக்கிறது.

எங்கே என்று பார்க்கப் போனால் ஒரு சிக்கல். டகடக அடிக்கும்போது மீட்டரின் எண்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. சொலினாய்டு நொடிக்குப் பல தரம் மூடித் திறக்கிறது, மீட்டரோ நொடிக்கு இரண்டு மூன்று அளவுதான் எடுக்கிறது. காட்டுவதெல்லாம் கலப்படம். அதனால் சொலினாய்டை விடாமல் பிடித்து உட்கார வைக்க ஒரு வழி செய்தேன். இந்த எஞ்சினில் சொலினாய்டின் காயிலுக்கு இரண்டு சின்ன ஒயர்கள், ஒன்று ஸ்டார்ட், ஒன்று எர்த். இரண்டையும் கழற்றிவிட்டு, பேட்டரி குமிழ்களிலிருந்தே தனியாக இரண்டு மெல்லிய ஒயர் இழுத்து, நடுவில் ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸும் அழுத்து பட்டனும் வைத்து காயிலுக்குக் கொடுத்தேன். இப்போது எஞ்சின் பக்கம் வோல்டேஜ் எவ்வளவு படுத்தாலும் சொலினாய்டு விடாது, ஏனென்றால் அதன் சாப்பாடு வேறு வழியாக வருகிறது. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் குறுக்கே தொட்டுவிடுவது நிறையப் பேரின் பழக்கம். பெட்ரோல் நிற்கும் இடத்தில் அந்தப் பொறியை நான் விரும்புவதில்லை. எப்படிச் செய்தாலும் இது சாவியையும் நியூட்ரல் சுவிட்சையும் தாண்டிப் போகிற வேலை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டனில் கை வைக்க வேண்டும்.

பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு 'டக்', பிறகு மோட்டாரிலிருந்து லேசான ஹம் ஒலி. எஞ்சின் அசையவில்லை, ஆனால் மின்னோட்டம் நிலையாக ஓடுகிறது. கேபிளைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் 75 ஆம்பியர் என்றது. டிசி அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏசி மட்டுமே அளக்கும், பேட்டரி கேபிளில் மாட்டினால் பூஜ்யம் காட்டி ஏமாற்றும். ஒரு வினாடி, ஒன்றரை வினாடி மட்டும் அழுத்தி, இடையில் ஆறவிட்டு, அழுத்தியிருக்கும்போது மீட்டர் காட்டும் அளவைப் பிடித்து வைக்கும் வசதியோடு ஒவ்வொன்றாக அளந்தேன்.

பேட்டரி குமிழ்களில் 12.2. பேட்டரியின் பாசிட்டிவ் குமிழில் ஒரு முனை, செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் மறுமுனை என்று வைத்தால் 0.4. மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 2.2. மோட்டாரின் உடம்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் குமிழுக்கு 9.6.

பிந்திய மூன்றையும் கூட்டினால் 12.2, கணக்கு நேராகிவிட்டது. ஒரே பாதையின் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்து, அந்த வழியில் எவ்வளவு தொலைகிறது என்று பார்ப்பதுதான் இந்த வோல்டேஜ் டிராப் அளவு. நல்ல நிலையில் ஒரு பக்கம் முழுவதற்கும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், ஒரு இணைப்புக்கு 0.1க்குள். பாசிட்டிவ் பக்கம் பரவாயில்லை. நெகட்டிவ் பக்கம் பேட்டரியின் முக்கால் பங்கை விழுங்கிக்கொண்டிருக்கிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 2.2 வோல்ட். அதைக் கொடுத்துவிட்டு செல்ஃப் போய்விட்டது என்று சொன்னால் மோட்டார் என்ன செய்யும்?

பொதுவாகவே நெகட்டிவ் பக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. எல்லோரும் பேட்டரியில் தொடங்கி சிவப்பு ஒயரைப் பின்தொடர்ந்து மோட்டாருக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். போன மின்சாரம் திரும்பியும் வர வேண்டும், வரும் வழியிலும் அதே ஆம்பியர்தான்.

இந்தப் படகில் சந்தேகப்படாமல் இருக்க இன்னொரு காரணமும் இருந்தது. படகிலேயே பார்வைக்கு மிகப் புதிதாக இருந்தது அந்தக் கருப்புக் கேபிள்தான். முன்பு எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். பளபளப்பான உறை, முனையில் சுருங்கு குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) போட்டு நேர்த்தியாக முடித்திருக்கிறது. நட் இறுக்கமாக இருந்தது, லக்கின் (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) முகமும் சுத்தம்.

நெகட்டிவ் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்தேன். பேட்டரி குமிழுக்கும் அதன் மேல் உட்கார்ந்த லக்குக்கும் இடையே 0.02. மோட்டார் உடம்புக்கும் பிளாக்குக்கும் 0.03. பிளாக்குக்கும் எஞ்சின் முனை லக்குக்கும் 0.05. மூன்றும் சரி. மிச்சமிருப்பது லக்கின் கழுத்தும் கேபிளும். கேபிளின் உறையில், எஞ்சின் முனை லக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு தையல் ஊசியைக் குத்திச் செம்பைத் தொடும்படி வைத்து, லக்கிலிருந்து அந்த ஊசிக்கு அளந்தால் 9.2. ஆக ஏறக்குறைய மொத்த இழப்பும் அந்த ஒரு சாணுக்குள்ளேயே நடக்கிறது. 75 ஆம்பியரை 9.2 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 700 வாட். பட்டனை அழுத்தி எடுத்ததும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், விரலை வைக்க முடியாத சூடு. மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே ஒரு சோதனை: சில வினாடி செல்ஃப் முயன்ற பிறகு ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனால் கெட்ட இணைப்பு தானாகக் காட்டிக்கொடுக்கும்.

சுருங்கு குழாயைக் கீறிப் பிரித்தோம். உள்ளே பச்சைக் களிம்பும் கருப்புப் பொடியும். லக்கைப் பிடித்து இழுத்ததும் பாதி இழைகள் ஒடிந்து கையோடு வந்துவிட்டன. குழாய் உள்ளே பசை இல்லாத சாதாரண வகை. அது ஓரத்தை மூடுகிறதே தவிர அடைப்பதில்லை. உப்பு ஈரம் உள்ளே போகும், வெளியே காய்ந்து வராது. கேபிளோ வெள்ளீயம் பூசாத வெறும் செம்பு, வண்டிகளுக்குப் போடும் ரகம். அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க உறையை உரித்துக்கொண்டே போனேன். ஒரு முழத்துக்கு மேல் இழைகள் கருப்பு. மெல்லிய இழைகளுக்கு நடுவே ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல ஏறிப் போகிறது. வெட்டிவிட்டுப் புது லக் போடலாமா என்று நண்பர் கேட்டார். கருத்த செம்பில் லக்கை அழுத்தினால் அந்தக் கருப்பும் சேர்ந்தே உள்ளே போகும், கொஞ்ச நாளில் இதே கதை. முழுக் கேபிளையும் மாற்றுவதே சரி என்று சொன்னேன்.

புதிதாகப் போட்டது வெள்ளீயம் பூசிய செம்பு, 35 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு மூன்று மீட்டர், போக வர ஆறு மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தடை 0.003 ஓம். 120 ஆம்பியரில் இரண்டு கேபிளுக்கும் சேர்த்து 0.36 வோல்ட் இழப்பு. தூரம் கூடினால் தடிமனும் கூட வேண்டும். பேட்டரியை முன்பக்கம் நகர்த்துபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

லக்கைப் பொருத்துவதில் கொஞ்சம் நேரம் செலவழிப்பது தப்பில்லை. அறுகோண அச்சுள்ள ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியை வாங்கி வந்து அழுத்தினோம். சுத்தியலால் அடித்து நசுக்குவது ஒருபோதும் சீராக இறங்காது, இழைகளுக்கு நடுவே வெற்றிடம் நிற்கும், ஈரம் அங்கே குடியேறும். வெறும் ஈயப்பற்று மட்டும் வைப்பதும் எனக்கு ஒப்பாது. இழைகளுக்குள் ஈயம் ஏறி நின்ற இடம் விறைத்துவிடும், அவுட்போர்டு திரும்பித் திரும்பி அசையும்போது அந்த விறைப்பு முடிகிற இடத்தில் கேபிள் ஒடியும். அழுத்திய பிறகு இழுத்துப் பார்த்து, உள்ளே பசை பூசிய சுருங்கு குழாயைப் போட்டுச் சூடாக்கினோம். இரு ஓரத்திலும் பசை பிதுங்கி வெளியே தெரிய வேண்டும். அதுதான் அடைத்ததற்கு அடையாளம்.

எஞ்சின் பிளாக்கில் லக் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, உலோகம் மின்னும்வரை சுத்தம் செய்து இறுக்கினோம். டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசுவது இறுக்கிய பிறகுதான், மேல்பூச்சாக. அந்தக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஈரத்தை விலக்குவது மட்டுமே அதன் வேலை.

பேட்டரி பக்கம் வந்தபோது பாசிட்டிவில் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. லக்குக்கும் குமிழுக்கும் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர். மேலே இருக்க வேண்டியதைக் கீழே போட்டிருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ், செம்பைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு மோசமான கடத்தி. அத்தனை மெல்லிய வாஷரில் அந்த வித்தியாசம் பெரிதல்ல என்பது உண்மைதான். தொல்லை தருவது அது கூடுதலாகக் கொண்டுவரும் தொடும் பரப்பு. லக் நேராகக் குமிழில் உட்கார வேண்டும், வாஷர் அதன் மேலே, நட் அதற்கும் மேலே. பல துணைக் கருவிகளின் லக்குகளை ஒரே குமிழில் அடுக்கும்போது, அதிக ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் கேபிள்தான் எல்லாவற்றுக்கும் அடியில். இன்னொன்று, அந்த இடத்தில் இருந்தது கையால் திருகும் சிறகு நட். தடித்த பேட்டரி கேபிளுக்குச் சிறகு நட் கூடாது என்று அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி சொல்கிறது. கையால் இறுக்கியது அலைக்கும் அதிர்வுக்கும் தளரத்தான் செய்யும். நைலான் வளையம் உள்ள ஆறுபட்டை நட் போட்டு ஸ்பேனரால் இறுக்கினோம்.

கேபிளைத் திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில், கழற்றும்போது நேர்மாறாக. பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிவிட்டால் எஞ்சினின் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கிப் பேட்டரிக்குக் கொடுப்பது) அந்த நொடியே போய்விடும் என்பதால் மாட்டுவதற்கு முன் நண்பரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன்.

சொலினாய்டின் சின்ன ஒயர்களைப் பழையபடி மாட்டி, கில் சுவிட்ச் கயிறு இன்னும் மாட்டாமலே, சாவியைத் திருப்பினோம். சட்டென்று சுற்றியது. சுற்றும்போது பேட்டரியில் 11.8, பாசிட்டிவ் பக்கம் 0.4, நெகட்டிவ் பக்கம் 0.2, மோட்டாருக்கு 11.2. ஆம்பியர் 120. முன்பு 75தான் ஓடியது, எஞ்சின் அசையவில்லை. இப்போது 120 ஓடுகிறது, பேட்டரியும் கொஞ்சம் இறங்குகிறது. கேட்பதும் கொடுப்பதும் நடக்கிறது என்றால் இப்படித்தான் இருக்கும். டில்ட்டும் முனகாமல் ஏறியது.

இனி அந்த மௌன வியாதி. இது எப்போதாவது வருவது, நம் முன்னால் வராமல் போக்குக் காட்டும் வகை. ரிமோட் நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு கட்டத்தில் வந்தது: சத்தமே இல்லை. யாரும் எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு சொலினாய்டின் சின்ன முனையில் அளந்தேன். சாவி ஸ்டார்ட்டில், அங்கே 0. சாவியின் பின்புறம் ஸ்டார்ட் முனையில் 12.5. இரண்டுக்கும் நடுவே இருப்பது நியூட்ரல் சுவிட்சும் ஒரு கனெக்டரும். கனெக்டரில் பின்பக்கமாக ஊசி விட்டு அளந்தால், ரிமோட்டிலிருந்து வரும் பக்கமே 0. ஆகவே கனெக்டர் குற்றவாளி இல்லை. இந்த நிலையில் நெம்புகோலை மயிரிழை அசைத்ததும் 12.5 வந்துவிட்டது.

ரிமோட் பாக்ஸைத் திறந்தோம். நியூட்ரல் சுவிட்ச் ஒரு சின்ன அழுத்து சுவிட்ச். நெம்புகோல் நடுவில் இருக்கும்போது ஒரு கேம் அதை அழுத்தி இணைப்பு கொடுக்கும். சில எஞ்சின்களில் இது ரிமோட்டில் இருக்காது, எஞ்சினிலேயே கியர் இணைப்புக் கம்பி பக்கத்தில் இருக்கும். இரண்டு ஒயரையும் பிரித்து ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால், அழுத்தியபோது அரை ஓம், விரலை லேசாக அசைத்தால் நூறு, இருநூறு, சில நேரம் திறந்தே கிடக்கிறது. உள்ளே தொடுமுனை அரித்துப் போயிருக்கிறது. பிடிப்பு ஸ்க்ரூவும் தளர்ந்து சுவிட்ச் கேமிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது.

"இரண்டு ஒயரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன?" என்று நண்பர் கேட்டார். பரிசோதனைக்கு ஒரு நிமிடம் சேர்த்துப் பார்க்கலாம், நானும் பார்த்தேன். அப்படியே விடக்கூடாது. கியரில் இருக்கும்போது எஞ்சின் எடுத்தால் படகு பாய்ந்து நிற்பவரைத் தண்ணீரில் தள்ளும், அதே நேரத்தில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுவிட்ச் இருப்பதே அதற்காகத்தான். புதுச் சுவிட்ச் வரும்வரை பழையதை நெருக்கி இறுக்கி வைத்தோம், வந்ததும் மாற்றினோம். மாற்றிய பிறகு முன் கியரிலும் பின் கியரிலும் வைத்துச் சாவியைத் திருப்பி, சுற்றாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புரொப்பெல்லரை மாட்டியது அதற்கு அப்புறம்தான்.

செல்ஃப் மோட்டாரை நாங்கள் கழற்றவே இல்லை. 11 வோல்ட் கிடைத்தும் சுற்றாமல் இருந்திருந்தால் அடுத்து அதைத்தான் மேசைக்குக் கொண்டுவந்திருப்பேன்: தேய்ந்த பிரஷ், கரி படிந்த கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை). மோட்டார் வீல் என்று சுற்றியும் ஃப்ளைவீலைப் பிடிக்காமல் இருந்தால் கோளாறு மேலே ஏறும் பற்சக்கரத்தில். அதன் திருகு வழியில் பழைய கிரீஸ் கெட்டியாகி ஒட்டிக்கொண்டிருக்கும், கழுவி மிக மெல்லிய எண்ணெய் தொட்டால் போதும்.

கயிறு சுற்றி இழுத்து எடுக்கும் வழியை நம்பிப் பேட்டரிப் பக்கம் அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. கார்புரேட்டர் எஞ்சினில் அது பெரும்பாலும் நடக்கும். இது பெட்ரோலை இன்ஜெக்டரில் பீய்ச்சும் வகை. பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது வோல்டேஜ் வேண்டும், பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் கயிறும் கைகொடுக்காது. அதோடு ஃப்ளைவீலில் நேராகக் கயிறு சுற்றும்போது நியூட்ரல் பாதுகாப்பு எதுவும் இருக்காது.

பாசிட்டிவ் கேபிள் முதலிலிருந்தே எஞ்சினோடு வந்தது, வெள்ளீயம் பூசியது. ஒரு முனையில் உறையை நீக்கிப் பார்த்தேன், இழைகள் வெள்ளையாகவே இருந்தன, அதை விட்டுவிட்டோம். அதன் 0.4இல் பாதிக்கு மேல் சொலினாய்டின் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே போகிறது: 0.25. தொடுமுனை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று பொருள், இன்னும் மாற்றும் அளவுக்கு இல்லை. 11.8, 0.4, 0.2, 11.2 என்ற நான்கு எண்களையும் சொலினாய்டின் 0.25ஐயும் அழியாத மையில் மேல்மூடியின் உட்புறம் எழுதி வைத்திருக்கிறோம். அந்த 0.25 அரை வோல்ட்டை நெருங்கும்போது நண்பர் சொலினாய்டை வாங்கினால் போதும்.